விரிவாக்கத் தொகுப்பை வாங்குவதற்கு முன்: ஆறு ஆண்டுக் குறிப்பேட்டிலிருந்து

இலவசமாக விளையாடத் தொடங்கிய ஓர் ஆன்லைன் கேமில் நான் முதன்முதலாகப் பணம் செலவழித்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. விளையாட ஆரம்பித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. என் கேரக்டர் 23ஆவது லெவலில் நின்றது. கேமைத் திறந்ததும் தோன்றும் அறிவிப்பில், அதுவரை வெளிவந்திருந்த 3 விரிவாக்கங்களும் (கேமில் புதிய நிலமும் கதையும் சேர்க்கும் பகுதிகள்), கேரக்டரை நேராக உயர்ந்த லெவலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் ஒரு பூஸ்டரும், சவாரிக்கு ஒரு குதிரையும், சில அலங்கார உடைகளும், கேமின் சொந்த நாணயத்தில் ஒரு தொகையும் அடங்கிய பெரிய தொகுப்பு பாதி விலைக்குக் கிடைப்பதாக எழுதியிருந்தது. சலுகை முடிய எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை ஒரு கடிகாரம் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தது. சிறியது, நடுத்தரமானது, பெரியது என மூன்று தொகுப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நடுத்தரமானதற்கும் பெரியதற்கும் இருந்த விலை வேறுபாடு மிகக் குறைவாகத் தெரிந்ததால், யோசிக்காமல் பெரியதையே வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்து, அந்தத் தொகுப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதி, எதைப் பயன்படுத்தினேன் என்று குறித்துப் பார்த்தேன். மொத்தம் 11 பொருள்கள். நான் உண்மையில் பயன்படுத்தியவை 3. பூஸ்டரை வாங்கிய அன்றே பயன்படுத்திவிட்டேன். அதனால் ஒரே நொடியில் இருபதுக்கும் மேற்பட்ட புதிய திறன்கள் திரையின் அடிப்பகுதியில் வந்து நிறைந்தன. எதை எப்போது அழுத்த வேண்டும் என்று தெரியாமல் டன்ஜன் எனப்படும் குழுச் சண்டைக் களத்துக்குப் போய், மற்ற நான்கு பேரின் நேரத்தையும் வீணாக்கினேன். கதையின் நடுப்பகுதி முழுவதும் எனக்குக் கிடைக்காமலே போனது. கடைசியில் அந்தக் கேரக்டரை ஓரமாக வைத்துவிட்டு, வேறொன்றை முதல் லெவலிலிருந்து வளர்க்கத் தொடங்கினேன். அந்தப் புதிய கேரக்டர் இரண்டாம் விரிவாக்கத்தின் வாசலை எட்டுவதற்குள் நான்காவது விரிவாக்கம் வெளிவந்தது. அதை வாங்குவோருக்கு முந்தைய மூன்றும் அதே விலையில் சேர்ந்தே கிடைத்தன. அதாவது, நான் பாதி விலையில் வாங்கியதாக எண்ணி மகிழ்ந்தவற்றில் பெரும்பகுதி, எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் தனி விலையே இல்லாததாக மாறியிருந்தது. குதிரையை மட்டும் ஒவ்வொரு நாளும் பயன்படுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கில்டை, அதாவது கேமில் சேர்ந்து விளையாடும் எங்கள் குழுவை, நடத்திய பெண்ணை எல்லாரும் அக்கா என்றே அழைப்போம். அவர் அதே கேமை அது தொடங்கிய நாளிலிருந்து விளையாடுபவர். இரண்டாவது முறையும் இதேபோன்ற ஒரு தொகுப்பை வாங்கலாமா என்று அவரிடம் கேட்டபோது, அவர் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. என் கேரக்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “தம்பி, நீ இன்னும் முதல் ஊரையே தாண்டல. மூணாவது ஊருக்கு இப்பவே எதுக்கு டிக்கெட்?” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் குறிப்பேடு எழுதும் பழக்கம் வந்தது. எந்த நாளில் எதை வாங்கினேன், அதில் என்னென்ன இருந்தன, ஒவ்வொன்றையும் முதன்முதலில் பயன்படுத்தியது எப்போது என்று எழுதிவைக்கிறேன். ஆறு ஆண்டுகளில், பல கேம்களுக்கும் சேர்த்து, 9 கொள்முதல்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 4 மட்டுமே கொடுத்த பணத்துக்குத் தகும் என்று இன்று சொல்வேன். அந்த நான்குக்கும் பொதுவான ஒன்று உண்டு: நான்கையும் இலவசப் பகுதியின் கடைசி எல்லையில் நின்றுகொண்டு, அடுத்த அடி வைக்க வழியில்லாத நிலையில் வாங்கினேன். தகாமல் போன ஐந்தையும் அந்த எல்லை கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருந்தபோது வாங்கினேன். விலை, தள்ளுபடி, தொகுப்பின் அளவு எதுவுமே இந்த ஒரு வேறுபாட்டின் அளவுக்குக் கணக்கை மாற்றவில்லை.

எல்லை எங்கே இருக்கிறது என்பது கேமுக்குக் கேம் மாறும். அதைக் கண்டுபிடிப்பதைத்தான் நான் இப்போது முதல் வேலையாகச் செய்கிறேன். சில கேம்களில் இலவசமாக ஏறக்கூடிய லெவலுக்கு ஓர் உச்சம் உண்டு. சிலவற்றில் லெவலுக்குத் தடை இல்லை, நிலப்பரப்புக்கு உண்டு. வேறு சிலவற்றில் கதையும் நிலமும் திறந்தே இருக்கும். ஆனால் சந்தையில் விற்க முடியாது, பிறருக்குத் தங்கம் அனுப்ப முடியாது, பையில் இடம் போதாது. இவற்றுள் எந்தத் தடை என்னை உண்மையிலேயே தடுக்கிறது என்பது, அந்தத் தடையில் இரண்டு மூன்று முறை முட்டிய பிறகே தெரியும். தூரத்திலிருந்து பார்க்கும்போது எல்லாத் தடைகளும் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக எனக்கு அமைந்தது கில்டு வார்ஸ் 2. 2012 ஆகஸ்டில் விலைக்கு விற்கப்பட்ட கேமாக வெளிவந்த இதன் அடிப்படைப் பகுதி, 2015 ஆகஸ்டில் இலவசமாக்கப்பட்டது. 80 லெவல்கள் வரை எந்தச் செலவும் இல்லாமல் ஏறலாம். அதற்குள் கிடைக்கும் நிலப்பரப்பே மிகப் பெரியது. அதில் பல மாதங்களைச் செலவிட்டேன். 80ஆவது லெவலை அடைந்த பிறகும் உடனே விரிவாக்கத்தை வாங்கவில்லை. பார்க்காத வரைபடங்கள் நிறைய இருந்தன. அங்கே நடந்தே சென்றுகொண்டிருந்த என்னை, பாத் ஆஃப் ஃபயர் விரிவாக்கத்தை வைத்திருந்தவர்கள் சவாரி விலங்குகளில் ஏறிக் கடந்து போனார்கள். அந்த விலங்குகளில் ஒன்று உயரமான பாறைமேல் தாவும், இன்னொன்று நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும், வேறொன்று நீண்ட பள்ளத்தை ஒரே பாய்ச்சலில் தாண்டும். கிடைத்த பிறகு அவற்றைப் பழைய இலவச நிலத்திலும் பயன்படுத்தலாம். அதற்கு முந்தைய ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் விரிவாக்கம் காற்றில் மிதந்து இறங்கும் கிளைடரைத் தந்தது. இவை புதிதாக ஒரு வட்டாரத்தைச் சேர்ப்பதோடு நிற்பவை அல்ல. ஏற்கெனவே இருக்கும் உலகத்தில் நகரும் விதத்தையே மாற்றுபவை.

இந்த வேறுபாடு மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஒரு தொகுப்பில் நிலமும் கதையும் இருந்தால் அவற்றை ஒருமுறை முடிப்போம், சில சமயம் இரண்டாம் முறை பார்ப்போம். ஆனால் நகரும் முறை, புதிய போர்ப்பாணி, புதிய கேரக்டர் வகை போன்றவற்றை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணி நேரமும் பயன்படுத்துகிறோம். பாத் ஆஃப் ஃபயரை வாங்கியபோது அதன் கதையை முடிக்க எனக்குச் சில வாரங்களே ஆயின. அந்தச் சவாரி விலங்குகளை இன்றுவரை பயன்படுத்துகிறேன். என் குறிப்பேட்டில் தகும் என்று குறிக்கப்பட்ட நான்கில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. அதில் நான் எதிர்பார்க்காத இன்னொரு பயனும் இருந்தது. இலவசக் கணக்குக்கு 2 கேரக்டர் இடங்களே உண்டு. விரிவாக்கம் வாங்கிய கணக்குக்கு அது 5 ஆகிறது, வணிகத்திலும் உரையாடலிலும் இருந்த கட்டுப்பாடுகளும் நீங்குகின்றன. விளம்பரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது டிராகனின் படம். என் அன்றாட விளையாட்டை மாற்றியது கீழே சிறிய எழுத்தில் இருந்த இந்த வரி. ஆகவே எந்தத் தொகுப்பையும் பார்க்கும்போது, அது கணக்கின் தன்மையை மாற்றுகிறதா என்பதை முதலில் தேடிப் படிக்கிறேன்.

தொகுப்பின் மற்றப் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அலங்கார உடை பிடித்திருந்தால் அது ஒரு மகிழ்ச்சி. அதைத் தனியாக வாங்கியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் இல்லை என்ற பதிலே வருகிறது. அனுபவப் புள்ளிகளைக் கூட்டும் மருந்துகள், நகைகள், சீட்டுகள் போன்றவை காலாவதியாகும் வரை பையில் கிடந்தன. கேம் நாணயம் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. தொகுப்போடு வரும் நாணயத் தொகை, கடையில் நாம் விரும்பும் பொருளின் விலைக்குச் சற்றுக் குறைவாக இருப்பதை மூன்று வெவ்வேறு கேம்களில் கண்டேன். மீதியை நிரப்ப மறுபடியும் பணம் கொடுத்துக் குறைந்தபட்ச நாணயக் கட்டு ஒன்றை வாங்கினால், அதில் மறுபடியும் ஒரு மீதி நிற்கும்.

“மொத்த மதிப்பு இவ்வளவு, நீங்கள் கொடுப்பது இவ்வளவு” என்று அடித்துக் காட்டப்படும் எண்ணை நான் இப்போது பார்ப்பதே இல்லை. அந்த மொத்தம், ஒவ்வொரு பொருளையும் கடை விலையில் தனித்தனியே வாங்கினால் ஆகும் கூட்டுத்தொகை. அப்படி வாங்கும் ஆள் நான் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தாளில் தொகுப்பின் உள்ளடக்கத்தை எழுதி, தனியாக விற்கப்பட்டாலும் இந்த மாதமே நான் வாங்கக்கூடியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுகிறேன். மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்று, அரிதாக இரண்டு. அந்த ஒன்றுக்காக முழுத் தொகையையும் கொடுக்க மனம் ஒப்புகிறதா என்பதே கேள்வி. ஒப்பினால் வாங்குகிறேன், அப்போது மற்றவை பயன்படாமல் கிடந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒன்று தனியாகவோ சிறிய பதிப்பிலோ கிடைத்தால் அதையே வாங்குகிறேன். நடுத்தரப் பதிப்பு பெரும்பாலும் பெரிய பதிப்பை மலிவாகக் காட்டுவதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு. ஒன்பது கொள்முதல்களில் ஒருமுறைகூட அது எனக்குச் சரியான தேர்வாக அமையவில்லை.

காத்திருப்பதால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள, இந்த வகைக் கேம்களின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். அது எனக்குப் பெரும் தெளிவைத் தந்தது. 2007 ஏப்ரலில் சந்தாக் கேமாகத் தொடங்கிய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன், 2010இல் இலவச முறைக்கு மாறியது. அதன் மோரியா விரிவாக்கம் 2008இலும், ரோஹன் 2012இலும், ஹெல்ம்ஸ் டீப் 2013இலும் விலைக்கு வந்தவை. 2022இல், 15ஆம் ஆண்டு நிறைவின்போது, ஹெல்ம்ஸ் டீப் வரையிலான கதைப் பகுதிகள் அனைத்தும் எல்லாருக்கும் இலவசமாக்கப்பட்டன. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் 2011 டிசம்பரில் வெளிவந்து ஓராண்டு நிறையுமுன் இலவச முறைக்கு மாறியது, முதலில் விலைக்கு விற்கப்பட்ட அதன் ஹட் கார்ட்டெல், ரெவன் ஆகிய இரு விரிவாக்கங்களும் பின்னாளில் இலவச ஆட்டக்காரர்களுக்கும் திறக்கப்பட்டு, அவர்கள் 60ஆவது லெவல் வரை ஏற முடிந்தது. கில்டு வார்ஸ் 2இல் 2019இலிருந்து பாத் ஆஃப் ஃபயரை வாங்கினாலே ஹார்ட் ஆஃப் தார்ன்ஸும் சேர்ந்து வந்தது. 1999இல் பிறந்து 2012இல் இலவச முறைக்கு வந்த எவர்க்வெஸ்ட்டில், புதிய விரிவாக்கத்தை வாங்குபவருக்கு முந்தையவை அனைத்தும் அதனுள்ளேயே கிடைக்கின்றன.

ஏன் இப்படி நடக்கிறது என்பதும் விளங்கும். விரிவாக்கங்கள் கூடக்கூட, புதிதாக வருபவர் ஏற வேண்டிய படிகளும் கூடுகின்றன. ஐந்தாவது விரிவாக்கத்தை விற்க வேண்டும் என்றால், முதல் நான்கும் அவருக்குத் தடையாக நிற்கக் கூடாது. ஆகவே நிறுவனத்தின் நலனே பழையவற்றை மலிவாக்குகிறது. பழைய விரிவாக்கங்களை மட்டும் கட்டித் தரும் தொகுப்பு கண்ணில் பட்டால், அடுத்த விரிவாக்கம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அறிவிக்கப்பட்டிருந்தால், அந்தப் பழையவை புதியதன் விலைக்குள் அடங்குமா என்பது தெரியும் வரை பொறுத்திருக்கிறேன். இலவசப் பகுதியில் செய்ய வேலை இருக்கும் வரை, இந்தப் பொறுமை எதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் எல்லாக் கேம்களிலும் காலம் நம் பக்கம் நிற்பதில்லை. சிலவற்றில் பழையவை மலிவாவதற்குப் பதில் மறைந்தே போகின்றன. டெஸ்டினி 2 இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. 2017இல் விலைக்கு வந்து, 2019 அக்டோபரில் இலவச முறைக்கு மாறிய அந்தக் கேமில், 2020 நவம்பரில் பியாண்ட் லைட் விரிவாக்கம் வந்தபோது, கேமின் அளவைக் கட்டுக்குள் வைக்கும் நோக்கத்தோடு முதல் ஆண்டுக் கதைகளும், செவ்வாய், புதன், அயோ, டைட்டன் ஆகிய கோள், துணைக்கோள் களங்களும் எடுத்துவைக்கப்பட்டன. 2018 செப்டம்பரில் விற்கப்பட்ட ஃபோர்சேக்கன் விரிவாக்கத்தின் கதைப் பகுதி, 2022 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. வாங்கியிருந்தவர்களுக்கும் அது இல்லாமல் போனது. இப்படிப்பட்ட கேமில் வாங்கியதைப் பிறகு விளையாடிக்கொள்ளலாம் என்று சேமித்துவைக்க முடியாது. வாங்கினால் உடனே விளையாட வேண்டும். விளையாட நேரம் இல்லையென்றால் வாங்காமலிருப்பதே மேல். அதே கேமில் 2022இலிருந்து புதிய டன்ஜன்கள் விரிவாக்கத்தின் சாதாரணப் பதிப்பில் சேராமல், பெரிய பதிப்பிலோ தனிச் சாவியாகவோ விற்கப்பட்டன. விரிவாக்கத்தை வாங்கினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணாமல், எது சேரவில்லை என்ற பட்டியலையும் தேடிப் படிக்க வேண்டும் என்பதை அதிலிருந்து கற்றேன்.

சீட்டு விளையாட்டுகளில் இந்தக் காலக் கணக்கு இன்னும் கூர்மையானது. ஹார்த்ஸ்டோனில் ஆண்டுக்குச் சில முறை புதிய விரிவாக்கம் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்பதிவுத் தொகுப்பு உண்டு. ஆனால் அதன் முக்கிய ஆட்ட முறையான ஸ்டாண்டர்டில், விரிவாக்கச் சீட்டுகளில் நடப்பாண்டினவும் முந்தைய ஆண்டினவும் மட்டுமே செல்லும். ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் பழையவை வெளியேறும். எனவே அந்த ஆண்டின் முதல் விரிவாக்கத்தில் வாங்கிய சீட்டுக்கு ஏறத்தாழ 24 மாத ஆயுள். ஆண்டுக் கடைசியில் வரும் விரிவாக்கத்தின் சீட்டுக்கு ஏறத்தாழ 16 மாதம்தான். விலை ஒன்றே, ஆயுள் மூன்றில் இரண்டு பங்கு. மிக அரிய வகையான லெஜண்டரி சீட்டில் தேவையற்ற ஒன்றை உடைத்தால், வேறு சீட்டுகளைச் செய்ய உதவும் தூள் 400 கிடைக்கும், வேண்டிய ஒன்றைச் செய்ய 1600 தூள் வேண்டும். நான்கைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோம். ஒரு புதிய விரிவாக்கத்தின் முதல் 10 பாக்கெட்டுகளுக்குள் ஒரு லெஜண்டரி உறுதி என்ற விதி இருக்கிறது. அந்தப் பத்தை விளையாட்டில் சேர்த்த தங்கத்தைக் கொண்டே திறந்துவிட்டு, பெருந்தொகுப்பை விட்டுவிடுவதையே நான் செய்துவந்தேன். இரண்டு முறை மட்டும் பொறுக்காமல் முன்பதிவு செய்தேன். அந்த இரண்டும் குறிப்பேட்டில் தகாதவற்றின் பக்கத்தில் இருக்கின்றன. எந்தச் சீட்டு வலிமையானது என்பது வெளிவந்து இரண்டு வாரம் ஆன பிறகே தெரியும்போது, வெளிவருமுன் வாங்குவதில் எனக்கு என்ன பயன் கிடைத்திருக்கும்?

வாங்குவதால் எதையாவது இழக்கிறோமா என்ற கேள்வியை நான் நெடுநாள் கேட்டுக்கொண்டதே இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 14 முற்றிலும் இலவசக் கேம் அல்ல. ஆனால் அதன் இலவச முன்னோட்டத்துக்குக் கால வரம்பே கிடையாது. 2020இல் 60ஆவது லெவல் வரையும், 2023இல் ஸ்டார்ம்பிளட் விரிவாக்கத்தையும் சேர்த்து 70ஆவது லெவல் வரையும் அது நீட்டிக்கப்பட்டது. முழுப் பதிப்பை வாங்கினால் அதே கணக்கில் முன்னோட்டத்துக்குத் திரும்ப முடியாது. அதன்பின் விளையாட மாதச் சந்தா கட்டியாக வேண்டும். முன்னோட்டத்தின் நடுவில் இருப்பவர் தள்ளுபடியைக் கண்டு முழுத் தொகுப்பை வாங்கினால், இலவசமாகவே முடித்திருக்கக்கூடிய கதைக்கு மாதந்தோறும் சந்தா கட்டிக்கொண்டு விளையாடுவார். என் கில்டு நண்பர் ஒருவருக்கு வேறொரு கேமில் இதையொத்த நிலை ஏற்பட்டது. அதிலிருந்து, வாங்கிய பின் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்பதை முன்பே விசாரிக்கும்படி எல்லாரிடமும் சொல்கிறேன்.

சந்தாவும் விரிவாக்கமும் ஒன்றாகப் பின்னப்பட்ட இடங்களில் கணக்கு நேர்மாறாகவும் இருக்கலாம். மேலே சொன்ன ஓல்ட் ரிபப்ளிக்கில் ஒரு மாதச் சந்தா கட்டினால் அதுவரை வெளிவந்த விரிவாக்கங்கள் அனைத்தும் திறக்கும்; சந்தா முடிந்த பிறகும் அவை கணக்கிலேயே தங்கும். இலவசப் பகுதி முழுவதையும் முடித்துவிட்டு அந்த ஒரு மாதத்தைக் கட்டினேன். என் குறிப்பேட்டில் தகும் என்று குறிக்கப்பட்ட நான்கில் அதுவும் ஒன்று. இதற்கு மாறாக, சந்தா நின்றதும் விரிவாக்க நிலமும் மூடிக்கொள்ளும் கேம்கள் உண்டு. “அணுகல்” என்ற சொல்லும் “உரிமை” என்ற சொல்லும் அருகருகே வரும் இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். வார்ஃப்ரேம், பாத் ஆஃப் எக்ஸைல் போன்றவற்றில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அவற்றின் விரிவாக்கங்கள் எல்லாருக்கும் இலவசமாகவே வருகின்றன, விற்கப்படுபவை வேறு பொருள்கள்தான்.

எந்தக் கடையின் வழியாக, எந்தக் கணக்கில் வாங்குகிறோம் என்பது சலிப்பூட்டும் செய்தியாகத் தோன்றினாலும், அதைக் கற்க நான் ஒரு முழு விரிவாக்கத்தின் விலையைக் கொடுத்தேன். கணினியில் வாங்கிய ஒன்றைப் பின்னர் கன்சோலில் விளையாட நினைத்தேன். கேரக்டர் வந்தது, விரிவாக்கம் வரவில்லை. டெஸ்டினி 2இல்கூட, கேரக்டரை எந்தத் தளத்துக்கும் கொண்டுபோகலாம், விரிவாக்க உரிமம் வாங்கிய தளத்திலேயே நிற்கும். ஃபைனல் ஃபேன்டசி 14ஐ ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை வழியாக வாங்கினால் கணினிக்கான அதன் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும்; வேறு கடையில் தள்ளுபடி வந்தாலும் பயன்படாது. அதே நேரத்தில் ஸ்டீமில் ஒரு பாதுகாப்பும் உண்டு: கூடுதல் உள்ளடக்கத்தை வாங்கி 14 நாளுக்குள், அதன்பின் மூலக் கேமை 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே விளையாடியிருந்தால், அந்த உள்ளடக்கம் பயன்படுத்தித் தீர்க்கப்படவோ மாற்றப்படவோ இல்லாத நிலையில், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தொகுப்பிலிருந்த பூஸ்டரை உடனே பயன்படுத்தினால் இந்த வாய்ப்பு போய்விடக்கூடும். அதனால், வாங்கினால் முதலில் விரிவாக்கத்தின் நிலத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே மற்றப் பொருள்களைத் தொடுகிறேன்.

இவ்வளவும் தனியாக விளையாடுபவரின் கணக்கு. சேர்ந்து விளையாடும்போது நான் இதை மீறியிருக்கிறேன், மீறியதற்கு வருந்தவும் இல்லை. எங்கள் கில்டில் ஆறு பேர், வாரத்தில் இரண்டு இரவுகள், இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து ரெய்டு எனப்படும் கடினமான குழுச் சண்டைகளுக்குப் போய்க்கொண்டிருந்தோம். புதிய விரிவாக்கம் வெளிவரும் நாளில் ஐந்து பேர் உள்ளே போக, நான் ஒருவன் விலை இறங்கட்டும் என்று வெளியே நின்றால், அந்த விரிவாக்கத்தின் சிறந்த பகுதி எனக்குக் கிடைக்காது. ஒரு புதிய ரெய்டை யாருக்கும் வழி தெரியாத முதல் வாரங்களில், தோற்றுத் தோற்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கற்பதை ஓர் ஆண்டு கழித்துப் பாதி விலையில் வாங்க முடியாது. அன்று முழு விலை கொடுத்து, முதல் நாளே, சாதாரணப் பதிப்பை வாங்கினேன். அந்த மூன்று மாதங்களில் கழிந்த இரவுகளை மற்ற எந்தக் கொள்முதலோடும் ஒப்பிட முடியாது. ஆனால் அன்றும் நாங்கள் ஆறு பேரும் எல்லையில்தான் நின்றிருந்தோம். பழைய ரெய்டுகள் அனைத்தையும் முடித்திருந்தோம். நண்பர்கள் வாங்குகிறார்கள் என்பதற்காக, அவர்கள் நிற்கும் இடத்துக்குப் பல மாதத் தொலைவில் இருக்கும் ஒருவர் வாங்கினால், அவர் போய்ச் சேரும்போது அவர்கள் வேறிடத்தில் இருப்பார்கள். இதை என் சொந்தத் தம்பியிடம் சொன்னபோது அவன் கோபித்துக்கொண்டான். என்றாலும் அவனுடைய கேரக்டர் 60 லெவல்கள் பின்னால் இருந்தது. அவனோடு சேர்ந்து நானே இலவச நிலத்தில் ஒரு புதிய கேரக்டரைத் தொடங்கினேன். எட்டு மாதம் கழித்து இருவரும் எல்லைக்கு வந்து, இருவருமே அவரவர் பணத்தில் விரிவாக்கத்தை வாங்கினோம். குறிப்பேட்டில் தகும் என்று குறித்த நான்கில் அது நான்காவது.

முன்பதிவுக்கு மட்டும் கிடைக்கும் பொருள்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு பட்டமோ, சிறப்புக் குதிரையோ, இனிமேல் கிடைக்காது என்று சொல்லப்படும்போது மனம் அலைபாய்வது இயல்பு. எனக்கும் அலைபாயும். அப்போது என்னிடம் ஏற்கெனவே இருக்கும் இத்தகைய பொருள்களை எடுத்து அணிந்துகொண்டு ஒரு வாரம் விளையாடுகிறேன். மூன்றாவது நாளுக்குள் அதைக் கழற்றிவிட்டு, நானே உழைத்துப் பெற்ற பழைய கவசத்துக்கு மாறியிருப்பேன். இதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கீழிறங்கும் கடிகாரத்துக்கும் எனக்கும் இப்போது ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. சலுகை முடியும் தேதியைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, கேமை மூடிவிடுகிறேன். மறுநாள் இரவு, கடைப் பக்கத்தைத் திறக்காமல், நேற்று பார்த்த தொகுப்பில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து எழுதுகிறேன். நினைவில் நிற்காதவை எனக்குத் தேவையற்றவை. பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்குமேல் எழுத முடிந்ததில்லை.

நான் இப்போது விளையாடும் கேமில் சென்ற வாரம் ஒரு புதிய விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. பழைய இரண்டையும் சேர்த்து ஒரு முன்பதிவுத் தொகுப்பும் வந்திருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த வகையில் ஒரு புதிய போர்ப்பாணி இருக்கிறது, அதன் காணொளியை நான்கு முறை பார்த்துவிட்டேன். என் கேரக்டர் இலவச நிலத்தின் கடைசிக்கு முந்தைய வட்டாரத்தில், ஆற்றங்கரைக் கோட்டையருகே நிற்கிறது. இன்னும் ஒன்றரை வட்டாரம் மீதியுள்ளது. குறிப்பேட்டில் தேதியையும் தொகுப்பின் பெயரையும் எழுதி, “முதன்முதலில் பயன்படுத்திய நாள்” என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இன்றிரவு அந்தக் கோட்டையின் குவெஸ்ட் பணிகளை முடிக்க வேண்டும்.